எண்ணப்படாத எறிகள்

என்னுடைய இரண்டு தோள்களும் ஒரே மாதிரி இல்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கினால் கட்டைவிரல் இடுப்புக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். இடது கை தோள்பட்டை எலும்பு வரை சுலபமாக ஏறும். முதுகில் எறும்பு கடித்தால் இடது கைதான் போக வேண்டும். ஆனால் வலது கைக்கு வேறொரு வித்தை தெரியும். முழங்கையைத் தோள் உயரத்தில் மடக்கி வைத்து முன்கையைப் பின்னால் சாய்த்தால், பார்க்கிறவர்கள் “ஐயோ, போதும்” என்று சொல்லும் அளவுக்குச் சாயும். பன்னிரண்டு வயதிலிருந்து இருபது வயது வரை ஈட்டி எறிந்த கை அது.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் தோள் வலிக்காகப் போனபோது பிசியோதெரபிஸ்ட் அக்கா ஒருவர் என்னைப் படுக்கவைத்துக் கோணமானியால் அளந்தார். வலது தோள் பின்பக்கமாக 118 பாகை, முன்பக்கமாக 38. இடது தோள் பின்பக்கமாக 100, முன்பக்கமாக 66. ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்து, “கூட்டிப் பாரு” என்றார். வலது 156, இடது 166.

“பின்னாடி பதினெட்டு கூடியிருக்கு இல்ல? அது உன் எலும்பே கொஞ்சம் திரும்பி வளர்ந்ததால. அதுக்கு ஈடா முன்னாடி பதினெட்டு குறையலாம், தப்பில்ல. ஆனா உனக்கு இருபத்தெட்டு குறைஞ்சிருக்கு. அந்தப் பாக்கி பத்துதான் பிரச்சனை.”

எலும்பு திரும்பி வளருமா என்று கேட்டேன். குழந்தை பிறக்கும்போது மேல்கை எலும்பின் தலை பின்பக்கமாக நன்றாக முறுக்கி இருக்குமாம். வளர வளர அந்த முறுக்கு தளரும். சின்ன வயதிலேயே நிறைய எறிகிற பிள்ளைகளுக்கு எறியும் கையில் அது முழுதாகத் தளராமல் நின்றுவிடும். அதனால்தான் கை பின்னால் அதிகம் சாய்கிறது. நான் எறிந்த எறிகள் எல்லாம் என் எலும்பில் எழுதப்பட்டிருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மைதானத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த வார்மப் ஒன்று உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி நிற்பாள், இன்னொருத்தி அவளுடைய இரண்டு கைகளையும் பின்னால் பிடித்து இழுப்பாள். “தோள் லூசாகணும்” என்பார்கள். எறிகிறவளுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே லூஸ்தான். தோள் மூட்டு என்பது சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. குண்டு பெரியது, குழி சிறியது. அதைப் பிடித்து வைத்திருப்பது சுற்றியுள்ள தசைகளும் நார்களும்தான். முன்பக்கத்தை மேலும் இழுத்துத் தளர்த்தினால் பழம் தட்டிலிருந்து நழுவப் பார்க்கும். இறுகிக் கிடப்பது பின்பக்கம். அதை யாரும் நீட்டவில்லை.

ஏன் பின்பக்கம் இறுகுகிறது? ஓடிவந்து முன்காலை ஊன்றியதும் இடுப்பு திரும்புகிறது, பிறகு நெஞ்சு, பிறகு தோள். கை கடைசி ஆள். பேஸ்பால் எறிபவர்களின் தோள் முன்னோக்கிச் சுழலும் வேகத்தை அளந்திருக்கிறார்கள்: விநாடிக்கு ஏறக்குறைய 7000 பாகை. அதே வேகத்தில் ஒரு விநாடி முழுக்கச் சுற்ற முடிந்தால் கை பத்தொன்பது முறை சுற்றிவிடும். மனித உடலில் அளக்கப்பட்ட மிக வேகமான அசைவுகளில் ஒன்று இது. பந்தோ ஈட்டியோ கையை விட்டுப் போய்விட்டது. ஆனால் கை போய்விடக் கூடாதே! கண்ணிமைக்கும் நேரத்தில் அதைப் பிடித்து நிறுத்தும் பிரேக், தோளின் பின்பக்கத்துச் சின்னத் தசைகள். அந்த நொடியில் கையை மூட்டிலிருந்து பிடுங்கப் பார்க்கும் விசை ஏறத்தாழ ஓர் ஆளின் எடை இருக்கும். ஒவ்வொரு எறிக்கும் அந்தத் தசைகள் அடி வாங்குகின்றன. அடி வாங்கியவை இறுகுகின்றன.

அக்கா தந்த பயிற்சிகள் பார்க்க ஒன்றுமே இல்லாதவை. எறியும் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து மறு கையால் மெதுவாக அணைத்துப் பிடிப்பது. எறியும் பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கையைத் தரையை நோக்கி வலிக்காத அளவுக்கு அழுத்துவது. ரப்பர் பட்டையைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டி, முழங்கை விலாவை விட்டு விலகாமல் வெளிப்பக்கமாக இழுப்பது. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்ப்பது. இடுப்பும் நடுமுதுகும் திரும்பப் பழக்குவது, ஏனென்றால் அவை திரும்பாத குறையைத் தோள்தான் கட்டும். நார்வேயில் ஹேண்ட்பால் வீரர்கள் 660 பேரை வைத்து, ஏறக்குறைய இதே வகைப் பயிற்சிகளை வார்மப்பில் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. செய்த அணிகளில் தோள் பிரச்சனை வரும் அபாயம் 28 சதவீதம் குறைந்திருந்தது. பத்து நிமிட வேலை, வாரத்தில் மூன்று நாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் போன வருடம் சித்தி பொண்ணு போன் செய்தாள். பதினைந்து வயது. பத்தாவது பரீட்சை முடிந்திருந்தது. கோடையில் விளையாட்டு விடுதித் தேர்வு இருந்தது. பதினொன்றாம் வகுப்புக்கு இடம் கிடைத்தால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசாங்கத்தோடது. சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அந்த வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

“அக்கா, எறியும்போது வலிக்கல. எறிஞ்சு முடிச்சப்புறம் தோள் மேல விண்ணு விண்ணுன்னு இருக்கு. சார் தைலம் தேய்ச்சுக்கச் சொன்னாரு. வலிச்சாத்தான் ஏறும்னாரு.”

“ஒரு நாளைக்கு எத்தனை எறி?”

பதில் இல்லை. எண்ணியதில்லை. நானும் எண்ணியதில்லைதான். எங்கள் மைதானத்தில் அளவு நாடா இருந்தது, எத்தனை மீட்டர் என்று எழுத நோட்டு இருந்தது. எத்தனை தடவை என்று எழுத ஒன்றும் இல்லை. போட்டியில் ஒருத்தி எறிவது அதிகபட்சம் ஆறு முறை. முதல் எட்டு இடத்துக்குள் வராதவளுக்கு மூன்றே மூன்று.

அடுத்த வாரம் அவளை எண்ணச் சொன்னேன். திங்கள் 74, செவ்வாய் 61, புதன் 80. எல்லாம் முழு வேகத்தில்.

அமெரிக்காவில் பள்ளி வயது பேஸ்பால் பிள்ளைகளுக்கு 2007இலிருந்து லிட்டில் லீகில் எறிகளை எண்ணுகிறார்கள். 2014இல் வந்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல்படி 15, 16 வயதுக்காரர் ஒரு நாளில் 95க்கு மேல் வீசக் கூடாது. 76ஐ எட்டினால் நான்கு நாள் ஓய்வு. பந்து வேறு, ஈட்டி வேறு. அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் ஓய்வு என்பது எண்ணிக்கையோடு கட்டப்பட்டது என்ற கணக்கு இங்கேயும் செல்லும். கை களைத்த பிறகும் வழக்கமாக வீசியவர்களுக்கு, அறுவை சிகிச்சை வரை போகும் காயத்தின் வாய்ப்பு 36 மடங்கு என்று 2006இல் ஓர் ஆய்வு கண்டது.

எலும்பு டாக்டரிடம் போனோம். அவளுடைய நோட்டை அவர் முதலில் வாங்கிப் பார்த்தார், பிறகு இரண்டு தோளுக்கும் எக்ஸ்ரே எடுத்தார். வலது மேல்கை எலும்பின் வளர்ச்சித் தகடு விரிந்திருந்தது. எலும்பு நீளும் இடம் அது, இன்னும் கெட்டியாகாத இடம். பெரியவர்களுக்குத் தசைநார் கிழியும். வளரும் பிள்ளைகளுக்கு அடி இங்கேதான் விழும். ஓய்வு கொடுத்தால் தானாக ஆறும். மூன்று மாதம் எறியக் கூடாது என்றார்.

தேர்வுக்கு இருந்தது பதினோரு நாள்.

சித்தி என்னிடம்தான் சண்டைக்கு வந்தாள். “பதினோரு நாள் பல்லைக் கடிச்சிக்கிட்டா முடிஞ்சிருக்கும். நீ எண்ணச் சொன்னதால வந்த வினை.” அதில் நியாயமே இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த விடுதி இடத்துக்கு என்னிடம் மாற்று எதுவும் இல்லை. நீரஜ் சோப்ரா 2019இல் முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அந்த வருட உலக சாம்பியன்ஷிப்பையே விட்டுவிட்டு, 2021இல் டோக்கியோவில் தங்கம் வாங்கினார் என்று சொன்னேன். “அவருக்கு டாக்டரும் கோச்சும் கூடவே இருந்தாங்க. எம்பொண்ணுக்கு யாரு இருக்கா?” என்றாள். சரியான கேள்வி.

அவள் தேர்வுக்குப் போகவில்லை. உள்ளூர்ப் பள்ளியிலேயே பதினொன்று சேர்ந்தாள். மூன்று மாதம் ஓடினாள், குதித்தாள், ரப்பர் பட்டையை இழுத்தாள். நான்காம் மாதம் டாக்டர் சம்மதித்த பிறகு டென்னிஸ் பந்திலிருந்து தொடங்கினாள். இப்போது வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஈட்டி, ஒரு நாளைக்கு இருபது முழு எறி. சார் முதலில் சிரித்தார். இப்போது மற்றப் பிள்ளைகளுக்கும் அவளே நோட்டில் கோடு போட்டு எண்ணுகிறாளாம், அவர் தடுக்கவில்லை.

கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. கிடைக்குமா என்று தெரியாது. சித்தி என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.