ஒரு வாய் தண்ணீர்

பௌதிகத்தில் நான் வாங்கிய மார்க்கை இந்த வயதில் வெளியே சொன்னால் பென்ஷனைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயம். அதனால் சொல்லப்போவதில்லை. போர்டில் 'ஒளிவிலகல்' என்று எழுதிவிட்டுத் திரும்பிய சாரிடம், "அது ஏன் சார் விலகணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார். ஒளி விலகியதோ என்னவோ, விஞ்ஞானம் அன்றோடு என்னைவிட்டு விலகியது.

ஆகவே சான் ஃபிரான்சிஸ்கோவில் மகன், "சனிக்கிழமை சயின்ஸ் மியூசியம் போறோம்ப்பா" என்றபோது, முழங்கால் வலியை முன்கூட்டியே வரவழைத்துப் பார்த்தேன். ஒன்பது வயதுப் பேரன் விடவில்லை. "அங்க யாரும் எதையும் சொல்லித்தர மாட்டாங்க தாத்தா" என்றான். உடனே செருப்பை மாட்டிக்கொண்டேன்.

எக்ஸ்ப்ளோரடோரியம் என்று பெயர். இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள், பழகிவிடும். 1969-ல் வேறோரிடத்தில் ஆரம்பித்தது. 2013 முதல் தண்ணீர் ஓரமாக, பியர் 15 என்கிற பழைய கப்பல்துறையில் இருக்கிறது. ஆரம்பித்தவர் பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஓப்பன்ஹைமர்! 2023-ல் சினிமாவாக வந்தாரே, அணுகுண்டு ராபர்ட், அவருடைய தம்பி ஃபிராங்க். படத்திலும் வருவார். அப்போது நீங்கள் பாப்கார்ன் வாங்கப் போயிருப்பீர்கள்.

தம்பியும் பௌதிகக்காரர், தம்பியும் குண்டு வேலையில் இருந்தவர். ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததை 1949-ல் விசாரணைக் கமிட்டி முன்னால் ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழக வேலை போயிற்று. கொலராடோவில் ஒரு பண்ணையில் மாடு வளர்த்தார். பிறகு அந்தச் சின்ன ஊரின் பள்ளிக்கூடத்திலேயே பாடம் நடத்தினார். விஞ்ஞானத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டக்கூடாது, தொட்டு, திருகி, ஆட்டிப் பார்க்கவேண்டும் என்பது அவர் கட்சி. மியூசியத்தில் ஃபெயிலானவன் என்று எவனும் கிடையாது என்பார். இந்த மனுஷர் எனக்கு வாத்தியாராக வாய்த்திருந்தால் நீங்கள் இந்தக் கட்டுரையிலிருந்து தப்பித்திருப்பீர்கள்.

ஓவியர்களையும் சிற்பிகளையும் விஞ்ஞானிகளோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்யவைத்தார். வெளியே இரண்டு கப்பல்துறைகளுக்கு நடுவில் ஒரு பாலம். 800-க்கு மேற்பட்ட நுண்குழாய்கள் புஸ்ஸென்று நீரைத் தூவ, பாலமே பனிமூட்டத்தில் மறைந்துபோகிறது. செய்தவர் ஃபுஜிகோ நகாயா என்கிற ஜப்பானியப் பெண்மணி. அவருடைய அப்பா உகிசிரோ நகாயா 1936-ல் உலகத்திலேயே முதல்முதலாகச் சோதனைக்கூடத்தில் பனிப்படிகம் செய்தவர். அப்பா பனியை விஞ்ஞானம் என்றார், மகள் கலை என்றார். மூடுபனிக்குப் பேர்போன ஊரில் போய் மூடுபனி காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம்தான். இருந்தாலும் நன்றாக விற்கிறது.

உள்ளே 'தொடாதீர்கள்' போர்டு ஒன்றுகூட இல்லை. என் மனைவிக்கு நம்பிக்கை வராமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தாள். ஆரஞ்சுச் சட்டை போட்ட காலேஜ் வயசுப் பெண் ஒருத்தி வந்து, "தயவுசெய்து தொடுங்கள்" என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

ஓர் இருட்டறையில் சுவர் முன்னால் நிற்கச் சொல்கிறார்கள். பளீரென்று மின்னல். நீங்கள் நகர்ந்து வந்துவிடலாம், நிழல் மட்டும் சுவரிலேயே நிற்கிறது. சுவர் முழுக்க ஒளியைக் குடித்து மெல்லக் கக்குகிற பூச்சு. உங்கள் உடம்பு மறைத்த இடத்தில் வெளிச்சம் படாததால் அது மட்டும் கறுப்பு. என் தொப்பை என்னைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் தனியாக நின்றது.

அடுத்தது கோணல் அறை. ஓட்டை வழியாகப் பார்த்தால் சதுரமாகத் தெரியும், நிஜத்தில் ஒரு மூலை மிகத் தள்ளி இருக்கும். தூரத்து மூலையில் நிற்பவர் குள்ளர், பக்கத்து மூலையில் நிற்பவர் ராட்சசர். அவள் ராட்சசி, நான் சுண்டுவிரல் அளவு. "இதுக்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாமே" என்றேன். மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

இதெல்லாம் முன்னுரை. விஷயம் இனிமேல்தான்.

ஒரு வெஸ்டர்ன் கம்மோட். பீங்கான், பளபளப்பு. அதற்குள்ளிருந்து குடிநீர் வளைந்து பீய்ச்சுகிறது. குனிந்து குடிக்கவேண்டும். 'ஒரு மடக்கு முரண்பாடு' என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்மோட் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு ஒரு நாளும் பயன்பட்டதில்லை. தண்ணீர் மற்றக் குழாய்களில் வருகிற அதே தண்ணீர்.

பேரன் ஓடிப்போய்க் குடித்தான். மனைவி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து குடித்தாள். "காசியில கங்கையில முங்கி மூணு வாய் குடிச்சவ நான். இது எந்த மூலைக்கு?" என்றாள்.

நான்? நாற்பது வருஷமாக வீட்டில் ராகு காலம் பார்த்தால் கேலி, பூனை குறுக்கே போனால் பிரசங்கம் என்று பகுத்தறிவுக்கு ஹோல்சேல் டீலராக இருந்தவன். குனிந்தேன். கழுத்து பாதியில் நின்றுவிட்டது. சுத்தம் என்று மூளைக்குத் தெரியும், தொண்டைக்குத் தெரியவில்லை.

இதை மனோதத்துவக்காரர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். பால் ரோஸின் என்பவரும் கூட்டாளிகளும் 1986-ல், நல்ல சாக்லேட் மிட்டாயை நாய் கழிவின் வடிவத்தில் செய்து நீட்டினார்கள். சாக்லேட்தான் என்று தெரிந்தும் ஜனங்கள் தயங்கினார்கள். அருவருப்பு பொருளில் இல்லை, நாம் அதற்கு வைத்த பெயரில் இருக்கிறது.

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராம வீடு ஞாபகம் வந்தது. கொல்லைப்புறம். தென்னை மரம் ஏற ஒருவர் வருவார். என் அப்பாவைவிட மூத்தவர். நான் அவரை 'வா, போ' என்றுதான் கூப்பிடுவேன், அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். இறங்கியதும் தண்ணீர் கேட்பார். பாட்டி பித்தளைச் சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். அவர் குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக் குடிப்பார். சொம்பு அவர்மேல் படவே படாது. இருந்தும் பாட்டி அதைப் புளி போட்டுத் தேய்த்துத்தான் உள்ளே எடுப்பாள்.

"அதுதான் படலியே பாட்டி, ஏன் தேய்க்கிறே?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"கேள்வி கேக்காதே. போய்ப் படி."

போய்ப் படித்தேன். நன்றாகத்தான் படித்தேன். ஆனால் மறுபடி கேட்கவில்லை. அடுத்த தரம் பாட்டிக்கு முடியாதபோது சொம்பைத் தூக்கி ஊற்றினவன் நான். பாட்டி சொல்லிக்கொடுத்த அதே உயரத்திலிருந்து.

அவருக்கு அந்தத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை. யாரும் உபயோகிக்காத பீங்கான் ஒன்று வந்து கேட்கவேண்டியிருந்தது.

மூடுகிற நேரம் என்று அறிவித்தார்கள். எழுந்து திரும்பிப் போனேன். முழங்கால் வலித்தது, இந்தத் தரம் நிஜமாகவே. குனிந்து, ஏனோ தெரியவில்லை, இரண்டு கையையும் குவித்துக்கொண்டு குடித்தேன். சில்லென்று இருந்தது. வேறொன்றுமில்லை. தண்ணீர்.

பேரன் பக்கத்தில் வந்து நின்றான்.

"இதுக்கா தாத்தா இவ்ளோ நேரம்?"

"ஆமாண்டா" என்றேன். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு."