கோழைத்தனமா? நோயா?

“அவளுக்கு மனத்திடம் போதாது, விசுவாசமும் குறைவு.” எங்கள் சித்தியைப் பற்றி உடன்குடியில் சிலர் இவ்வாறு பேசியதுண்டு. கருப்பட்டி வியாபாரக் கணக்கைத் தனியொருத்தியாகப் பார்த்தவர் அவர். செப்டம்பர் 14-ஆம் நாள் மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நடந்தே சென்றவர். ஒருநாள் திருச்செந்தூர்ப் பேருந்தில் திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிரே பிரிவதாக உணர்ந்தார். இதயத்தில் குறையில்லை என மருத்துவர் கூறிய பின்னும் அத்துன்பம் மீண்டும் மீண்டும் வந்தது. முதலில் பேருந்தை விட்டார், பின்பு கடைவீதியை, இறுதியில் ஞாயிறு திருப்பலியையும். வாசலைத் தாண்டவும் துணை தேடினார்.

இது பீதி நோய் என்றும், அதைத் தொடர்ந்து வெளியிடங்களைக் குறித்த அச்சமும் பற்றியுள்ளது என்றும் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவர் விளக்கினார். 1871-இலேயே பெர்லின் மருத்துவர் வெஸ்ட்பால், பரந்த சதுக்கங்களைக் கடக்க இயலாத ஆடவர் மூவரைப் பற்றி எழுதி, அவ்வச்சத்துக்கு ‘அகோரபோபியா’ எனப் பெயரிட்டார்.

பிறரைச் சார்ந்திருத்தல், ஒதுங்குதல், உடலின் சிறு மாற்றத்துக்கும் அஞ்சுதல் ஆகிய இயல்புகள் இந்நோயாளரிடம் மிகுந்து காணப்படுவது உண்மை. சிலருக்கு அச்சவியல்பு இளமையிலேயே உண்டு. ஆயினும் 1980-களில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இவ்வியல்புகளை அளந்தறிந்த ஆய்வாளர், நோய் தணியும்போது இவையும் குறைவதைக் கண்டனர். ஆகவே, பிறவிக் குணமென நாம் தீர்ப்பிடுவதில் ஒரு பகுதி நோயின் நிழலே.

சித்திக்கு மருந்துடன் பயிற்சியும் தரப்பட்டது. படபடப்பு மரணத்தின் அறிகுறியன்று. சில நிமிடங்களில் உச்சமடைந்து தானே தணியும் என்று அறிந்துகொண்டார். முதலில் தெருமுனை வரை சென்றார், அடுத்துக் கடைவீதி, பின்பு பேருந்தில் ஒரு நிறுத்தம். சித்தப்பா தொடக்கத்தில் அருகில் அமர்ந்தார், பிறகு பின்னிருக்கையில், பிறகு வீட்டிலேயே இருந்துவிட்டார். கடிந்துகொண்டால் அச்சம் வளரும். எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்தாலும் வளரும்.

தக்க காரணத்தால் திருப்பலிக்கு வர இயலாதோரைத் திருச்சபை குற்றவாளிகளாக்குவதில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அவர்களை இல்லத்தில் செபிக்குமாறு பரிந்துரைக்கிறது. கெத்சமனியில் நம் ஆண்டவரும் கலங்கினார்; சீடரின் துணையை நாடினார். அவரைக் கோழை என்பார் யார்?

சித்தி இப்பொழுது கோவில் வாசலருகே அமர்ந்து திருப்பலி காண்கிறார். உங்கள் பங்கிலும் இவ்வாறு வீட்டுக்குள் ஒடுங்கியவர் இருக்கலாம். அவரது குணத்தை எடைபோடாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 முதல் இயங்கிவரும் ‘டெலி மானஸ்’ என்னும் அரசு சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்தும் ஆலோசனை பெறலாம்.