வாலில்லாமல் விழுந்தவரும் எங்கள் ரெஜிபோம் பிளேனும்



போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வட்டைப் பக்கம் குளவி இரைவது போல ஒரு சத்தம் கேட்டதே, அது என்ன என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ட்ரோன் வந்தது, காணி அளக்க வந்திருக்கிறார்கள் என்றெல்லாம் கதை போயிருக்கிறது. அது நாங்கள்தான். ரிமோட்டில் ஓடுகிற ஒரு சின்னப் பிளேன். ஜீ.எஸ்ஸுக்கும் பொலிஸுக்கும் சொல்லிவிட்டுத்தான் பறக்க விட்டோம்.

நாங்கள் என்றால் நாலு பேர். தரம் பத்தில் படிக்கும் இரண்டு பொடியன்மார், ஓ.எல்லோடு நின்று போன் திருத்துகிற கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி, பதினேழு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒருவர். எழுதுவது அந்தக் கடைசி ஆள்தான். ஆனால் உருப்படியாகக் கை வைத்தது மற்ற மூவரும்.

இந்த வேலை உண்மையில் 2018இல் தொடங்கியது. மோட்டர், ரிமோட், பெட்டரி எல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்தோம். போன் கடைத் தம்பி அப்போது எங்கள் வகுப்பில் இருந்தார். 2019 ஏப்ரல் வந்தது. அந்த மாதக் கடைசியில் ஆளில்லாமல் பறக்கும் எதையும் விடக்கூடாது என்று நாடு முழுக்கத் தடை போட்டார்கள். அதற்கு முன்னமே தம்பியின் உம்மா டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "சேர், கோபிக்க வேணாம். வயர், பெட்டரி, ரிமோட்டு... நாளைக்கி வீட்டச் செக் பண்ண வந்தா நான் என்னண்டு சொல்ற?" பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கிதாபுகளையே ஒளித்து வைத்த நாட்கள் அவை. டின் சீலிங்குக்கு மேலே போனது. பிறகு கொரோனா, பிறகு டொலர் ஏறியது.

போன வருடம் ஒரு நாள் கடைக்கு ரீலோட் போடப் போனபோது அந்தத் தம்பி மெல்லக் கேட்டார்: "சேர், அந்த டின் இன்னும் இரிக்கா?"

இருந்தது. பெட்டரி மட்டும் தலையணை போல வீங்கிப் போயிருந்தது. லிப்போ பெட்டரியை முழுச் சார்ஜோடு வருடக்கணக்கில் வைத்தால் இப்படித்தான் ஆகும். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் இறக்கி வைத்திருக்க வேண்டும். வீங்கினதைச் சார்ஜ் பண்ணவே கூடாது, தீப்பிடிக்கும். புதிது வாங்கினோம்: 11.1 வோல்ட், 2200 எம்.ஏ.எச்.

உடம்பு கல்யாண மேடை சோடிக்கிற ரெஜிபோம். இறக்கை ஒரு மீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் அகலம், உள்ளே முறியாமல் இருக்க மூங்கில் குச்சி. அசைகிற பகுதிகளுக்குப் பிணைச்சல் செலோடேப். சேர்வோவிலிருந்து வாலுக்கு இழுக்கிற கம்பி, பழைய சைக்கிள் ஸ்போக். எல்லாம் சேர்ந்து முக்கால் கிலோ.

முதல் தடவை எறிந்தோம். மூக்கைத் தூக்கிக்கொண்டு நேரே மேலே போய், ஒரு கணம் அப்படியே நின்று, வாலால் விழுந்தது. காரணம் பாரம். இறக்கைக்குக் கீழே இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கிப் பார்க்கும்போது, முன் விளிம்பிலிருந்து ஐந்து, ஆறு சென்ரிமீற்றரில் சமநிலை வர வேண்டும். எங்களுடையது ஒன்பதில் நின்றது. புவியீர்ப்பு மையம் பற்றி எத்தனை தடவை வினாத்தாள் அடித்திருக்கிறோம்! பெட்டரியை மூக்குப் பக்கம் நகர்த்தப் புது ஓட்டை வெட்டினோம்.

இரண்டாம் தடவை கடல் அலை போல ஏறி ஏறி இறங்கிக் குத்தியது. வால் சின்னது. வடிவாக இருக்கட்டும் என்று எங்களில் ஒருவர் (யார் என்று சொல்ல மாட்டோம், சம்பளம் எடுக்கிறவர்) அதைச் சுருக்கி வெட்டியிருந்தார். இறக்கையின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது வரும்படி பெரிதாக்கினோம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். குர்துபாவில் வாழ்ந்து 887இல் மௌத்தான அப்பாஸ் இப்னு பிர்னாஸ் பறக்க முயன்றதைக் கலைவிழா மேடைகளில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோம். அந்தக் கதையை எழுதி வைத்த அல் மக்கரீ, அவர் இறங்கும்போது முதுகில் அடிபட்டதையும், பறவை வாலை வைத்துத்தான் இறங்குகிறது என்று தெரியாமல் வால் வைக்காமல் விட்டதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். அந்தப் பாதியை நாங்கள் மேடையில் சொல்வதில்லை. பிள்ளைகளுக்குப் பிரயோசனமானது அந்தப் பாதிதான் என்று இப்போது படுகிறது.

மூன்றாவது தடவை இடது பக்கம் சரிந்தது. விசிறி ஒரு பக்கம் சுற்ற, உடம்பு மற்றப் பக்கம் திரும்பப் பார்க்கிறது. மோட்டரின் இடது பக்க ஆணிகளுக்குப் பின்னால் ஒவ்வொரு வொஷர் போட்டு, மூக்கை இரண்டு மூன்று பாகை வலப்பக்கம் திருப்பினார் போன் கடைத் தம்பி. இதை அவருக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

நாலாவது தடவை பறந்தது. வரம்புக்கு மேலால் ஏறி, வாய்க்காலைத் தாண்டி, வட்டமடித்துத் திரும்பி வந்தது. அல்ஹம்துலில்லாஹ். எல்லோரும் கத்தி முடிந்த பிறகு பொடியன்களில் ஒருவர் கேட்டார்: "சேர், செட்டை தட்டையாத்தானே இரிக்கி? நீங்க சொன்னபடி பாத்தா இது எழும்பப்படாதே?"

நாங்கள் இறக்கையைப் பார்த்தோம். தட்டைதான். மேலே வளைவே கிடையாது.

மேற்பக்கம் வளைவாக இருப்பதால் அதன் மேலால் போகும் காற்றுக்குத் தூரம் கூட, கீழால் போகும் காற்றோடு பின்விளிம்பில் ஒன்றுசேர அது வேகமாக ஓடுகிறது, அதனால் அமுக்கம் குறைகிறது. பதினேழு வருடம் கரும்பலகையில் கீறிய படம் இது. அப்படிச் சேர வேண்டிய கட்டாயம் காற்றுக்கு இல்லை. மேலால் போவது வேகமாகப் போவது உண்மை, ஆனால் கீழே போனதற்கு முந்தியே அது போய்விடும். இறக்கை சற்றுச் சாய்ந்து நின்று காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, அதற்கு எதிராகத் தான் மேலே போகிறது. வளைவு உதவி செய்யும். ஆனால் தட்டையும் பறக்கும். ஓடுகிற பஸ்ஸில் கையை வெளியே நீட்டிச் சாய்த்துப் பார்த்த யாருக்கும் தெரியும் (இப்போது நீட்ட வேண்டாம்).

திங்கட்கிழமை வகுப்பில் பழைய படத்தைக் கீறி, அதன் மேலே குறுக்காக ஒரு கோடு போட்டோம். "அப்ப எங்கட காக்காமார் படிச்சது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கட்டாரிலும் ரியாத்திலும் கொழும்பிலும் இருந்து வாசிக்கிற எங்கள் பழைய மாணவர்களே, அந்தப் பாடம் பிழை. பிழையாகத்தான் சொல்லித் தந்தோம், மன்னித்துக் கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை தம்பியின் உம்மாவும் குடையோடு வந்து வரம்பில் நின்றார். டின்னைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. "இது எவ்வளவு நேரம் மேல நிக்கும்?" என்று மட்டும் கேட்டார். எட்டு நிமிடம் என்றோம். இறங்கும் வரைக்கும் போகவில்லை.

கச்சான் காற்று தொடங்கினால் இந்தப் பிளேன் தாங்காது, அதற்கு முன் இன்னும் இரண்டு மூன்று வெள்ளி பறக்க விடுவோம். சின்னப் பிள்ளைகளை விசிறிக்குக் கிட்ட விடாதீர்கள், விரலை வெட்டும். மற்றது, இறங்கும்போது வலது பக்கச் சில்லு ஒன்று வாய்க்கால் ஓரம் கழன்று விழுந்துவிட்டது. கறுப்பு நிறம், ஐந்து ரூபாய்க் குற்றியை விடக் கொஞ்சம் பெரிது. கண்டவர்கள் போன் கடையில் கொடுத்துவிடுங்கள்.