ஜாமீன் கையெழுத்து

தில்லியில் கரோல்பாக் பக்கம் ஒரு சந்தில் நாம் குடியிருக்கிறோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, இலாகாத் தேர்வெழுதிக் குமாஸ்தா ஆனோம். மாடியில் குடியிருப்பவரோ டாக்டர் பட்டம் பெற்றவர். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரியில் பொருளாதாரம் போதிப்பவர். கோவில்பட்டிச் சீமைக்காரர். காலை எட்டு மணிக்குக் கைப்பையுடன் அவர் படியிறங்கும்போதெல்லாம் நாம் எழுந்து நிற்பது வழக்கம். புரொபசர் ஆயிற்றே, அவருக்கு என்ன குறை என்றே நாமும் நம் இல்லத்தாரும் எண்ணியிருந்தோம்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஓர் இரவு அவர் நம் கதவைத் தட்டினார். ஊரிலே தாயாருக்கு இருதய சிகிச்சையாம். இரண்டு லட்ச ரூபாய் கடன் தர ஒரு கூட்டுறவுச் சங்கம் இசைந்திருக்கிறது. ஆனால் நிரந்தர அரசாங்க ஊழியர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டுமாம்.

"அண்ணாச்சி, இந்த ஊரில் உங்களைத் தவிர நான் யாரிடம் போய்க் கேட்பேன்?" என்றார்.

நமக்குத் திகைப்பாயிற்று. "சார், உங்கள் சம்பளத்துக்கு நானா ஜாமீன்?" என்றோம். அவர் சிரித்தார். பிறகு ஒரு காகிதத்தில் கணக்கெழுதிக் காட்டினார்.

ஏழாவது சம்பளக் கமிஷனை ஒட்டி, 2016 ஜனவரி முதல் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அதன்மேல் அகவிலைப்படி, வீட்டுவாடகைப்படி, ஆண்டுதோறும் உயர்வு. அவையெல்லாம் நிரந்தர நியமனம் பெற்றவருக்கே உரியவை. நம் மாடி வீட்டாரோ 'கெஸ்ட்' ஆசிரியர், அதாவது விருந்தாளி! (விருந்தாளிக்கு இப்படியோர் உபசாரத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை.) பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் இத்தகையோருக்கு நிர்ணயித்தது பாடமொன்றுக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000-க்கு மேற்படலாகாது. அவருக்கு மாதம் ஏறக்குறைய இருபத்தைந்து பாடங்கள் கிடைக்கும், அதற்கு 37,500. ஹோலிக்கும் தசராவுக்கும் கல்லூரி மூடினால் அந்நாட்களுக்குக் கூலி இல்லை. வகுப்பு நடப்பதோ ஆண்டில் எட்டு மாதம். ஆக மூன்று லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 25,000. நம் சம்பளம் அதனினும் மிகுதி என்பதை அறிந்தபோது நமக்கு வெட்கமே உண்டாயிற்று.

ஒரே வகுப்பறை, ஒரே பாடப் புத்தகம், ஒரே கரும்பலகை. அடுத்த அறையில் போதிப்பவர் கோடை விடுமுறைக்கும் சம்பளம் பெறுகிறார். இவருக்கு இல்லை. வேறுபாடு கல்வியில் இல்லை. நியமன உத்தரவின் ஒரு வரியில் இருக்கிறது. விதவையான நம் தாயாருக்கு நோய் வந்தால் ரயில்வே ஆஸ்பத்திரி உண்டு. அவர் தாயாருக்குக் கடன்தான் உண்டு.

நிரந்தரம் பெற்றவர்க்கும் குறை இல்லாமல் இல்லை என்றார் அவர். ஆராய்ச்சிப் பட்டம் முடிந்து வேலையில் அமர்வதற்குள் வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிடும். நாம் இருபத்திரண்டில் முதற்சம்பளம் வாங்கினோம். 2004-க்குப் பின் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியமும் இல்லாது போயிற்று. அந்த வகையில் அவர்களும் நாமும் ஒரே வண்டியில்தான் பிரயாணம். ஆயினும் நமக்குச் சேமிக்க ஆண்டுகள் பல, அவர்களுக்குச் சில.

"பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன் அண்ணாச்சி, என் வீட்டு வரவு செலவுதான் நேராகவில்லை" என்று அவர் சொன்னபோது நம்மால் சிரிக்க முடியவில்லை.

அவர் மாடியேறியபின் நம் இல்லத்தார் கேட்டார்: "ஏங்க, அவர் தவணை தவறினால் உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்களே. பாப்பாவின் பள்ளிக்கூடப் பணத்துக்கு என்ன செய்வது?" கேட்டது நியாயம். அன்றிரவு இருவரும் நெடுநேரம் பேசினோம். கடன்பட்டவரை நம்பலாம் என்பதில் ஐயமில்லை. அவரை அடுத்த ஆண்டு கல்லூரி அழைக்குமா என்பதே கேள்வி. அதற்கு அவரும் ஜாமீன் தர இயலாதே!

மறுநாள் கையெழுத்திட்டோம். சிகிச்சை மதுரையில் நடந்து அம்மையார் எழுந்து நடமாடுகிறார்.

மே வரை தவணை ஒழுங்காய்ச் சென்றது. ஜூன், ஜூலை இரு மாதமும் வகுப்பில்லை. அத்தவணைகளை நாமே செலுத்தினோம். பாப்பாவுக்குப் புதுச் சீருடை தைக்காமல் பழையதன் மடிப்பைப் பிரித்து நீட்டினார் இல்லத்தார். அக்டோபரில் அவர் முழுத்தொகையையும் எண்ணி வைத்தார். தாமதத்துக்கு வட்டி என்று மேலும் இருநூறு வைத்தார். அதை மட்டும் நாம் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

கடன் இன்னும் பாதி இருக்கிறது. பருவம் தொடங்கும் நாட்களில் உத்தரவு வந்ததா என்று அவரை நாம் கேட்பதில்லை. காலை எட்டு மணிக்குப் படிக்கட்டில் செருப்போசை கேட்கிறதா என்று இருவரும் செவிசாய்த்திருப்போம்.