பர்மாத் தேக்கும் உள்ளூர்ச் சுவரும்

பழைய வீட்டை இடிக்க ஜேசிபி போதும். ஒரு பகலுக்குள் தரைமட்டமாகிவிடும். பிரிப்பது அப்படியல்ல. கட்டியவர் போன வழியிலேயே பின்னோக்கி நடக்க வேண்டும். கடைசியாகப் பதித்த தட்டோட்டை முதலில் எடுக்க வேண்டும். அதற்கடியில் செங்கல் சல்லிக் காரை, அதற்கும் கீழே சாய்வாக அடுக்கிய சின்னச் செங்கல், அப்புறம் கட்டை, உத்திரம், தூண். முதலில் நாள் பார்த்து நிறுத்திய நிலை கடைசியில்தான் கைக்கு வரும். அதன் அடியில் மஞ்சள் துணியில் முடிந்த காசு கிடக்கும். காசில் இருக்கும் ராஜாவின் தலையை வைத்து வீட்டின் வயதைச் சொல்லிவிடலாம்.

நான் சுண்ணாம்பு வேலை கற்ற கொத்தனார். கட்டுவதற்காகக் கற்றேன். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இப்போது என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் பிரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

வீடு கைமாறப் போகிறது என்று தெரிந்ததும் மர வியாபாரி வந்துவிடுவார். தூணை நகத்தால் கீறிப் பார்ப்பார், பர்மாத் தேக்குதானா என்று. நிலை, கதவு, உத்திரம், ஊஞ்சல் சங்கிலி, கல்தூண், ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் விலை உண்டு. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய், அங்கிருந்து ஏதோ ஒரு விடுதியின் முகப்புக்குப் போய்ச் சேரும். சுவருக்கு மட்டும் விலை கிடையாது. லோடு லோடாக அள்ளிப் பள்ளம் நிரப்புவார்கள். இந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை. தேக்கு கப்பலில் வந்தது. அதே மரம் செட்டிநாட்டிலும் நிற்கிறது, சென்னையிலும் நிற்கிறது. இந்த ஊரில் பிறந்தது சுவர்தான். வீட்டுக்கு வேர் என்று ஒன்று இருந்தால் அது சுவரில்தான் இருக்கிறது.

ஒன்றரை அடி, இரண்டடிக் கனம். உள்ளே களிமண் சாந்தில் அடுக்கிய செங்கல், மேலே சுண்ணாம்புக் காரை. மண் கண்மாயில் வெட்டியது. மணல் முடங்கியாற்றிலோ பக்கத்து ஓடையிலோ அள்ளியது. சுண்ணாம்புக் கல் கிழக்கே கரிசல் காட்டுக்கு அடியில் கிடந்தது. கடுக்காய் மேற்கே மலையில் காய்த்தது. கருப்பட்டி பனங்காட்டில் காய்ச்சியது. இரண்டு நாள் மாட்டுவண்டிப் பாதைக்குள் கிடைக்காத பொருள் எதுவும் அந்தச் சுவரில் இல்லை.

சுட்ட கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறும். நீறியதை நாள்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே கிடக்க விட வேண்டும். அவசரப்பட்டால் நீறாத பொடிக்கல் பூசிய பிறகு வெடித்துக் காரையில் அம்மைத் தழும்பு விழும். பிறகு மணலோடு சேர்த்து மாடு இழுக்கும் கல்லுருளைச் செக்கில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் இந்தச் சமயத்தில் சேரும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக்கூடாது, அதுதான் பதம். கடைசிப் பூச்சுக்கு மையாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தால் முகம் தெரியும். மச்சுத் தளத்துக்கு வேறு முறை. பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து, சல்லிக் காரையை மரக்கட்டையால் தட்டுவார்கள். தட்டிய கட்டை தானாகத் துள்ளி எழும்வரை விடமாட்டார்கள். சுண்ணாம்பு ஒரே நாளில் இறுகுவதில்லை. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை வாங்கி வாங்கி, வருஷக்கணக்கில், வந்த இடத்துக்கே திரும்பிக் கல்லாகிறது. நூறு வருஷக் காரையை உளியால் கொத்தும்போது கை அதிர்வது அதனால்தான்.

சிமெண்டும் அதே கல்தான். சுமார் 900 டிகிரியில் சுட்டால் சுண்ணாம்பு. களிமண்ணோடு சேர்த்து 1450 டிகிரி வரை சுட்டால் சிமெண்டின் கரு. 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் மெட்ராஸ் சிமெண்ட்ஸ், 1960களின் தொடக்கத்தில் விருதுநகர் பக்கம் துலுக்கபட்டியில் ஆலை வைத்தது. 1970இல் ஆலங்குளத்தில் அரசு ஆலை வந்தது. எத்தனையோ குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன. பாலத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் சிமெண்ட் வேண்டும். அதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் களிமண் சாந்துச் சுவரின் மேல் சிமெண்ட் பூசுவது அந்தச் சுவரின் வாயை அடைப்பது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்விடும். சிமெண்ட் அதைப் போகவிடாது. உள்ளே தங்கிய ஈரம் உப்பாகப் பூக்கும், சாந்து பொதபொதவென்று ஆகும், பூச்சு பாளமாக விழும்போது செங்கல் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். "பழைய சுவர் தாங்கவில்லை" என்று வீட்டுக்காரர் சொல்லுவார். தாங்காதது பூச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் இன்னொரு சங்கடம். பழைய வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர். இந்த வீட்டு உத்திரத்தின் வாலும் அந்த வீட்டு உத்திரத்தின் தலையும் ஒரே சுவரில் உட்கார்ந்திருக்கும். ஒரு வீட்டைப் பிரித்தால் மறு வீட்டுச் சுவர் வெயிலுக்கும் மழைக்கும் அம்மணமாகிவிடும். அது வெளிச்சுவராக இருக்கக் கட்டப்பட்டதல்ல. அடுத்த ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டுப் பட்டாசலில் ஈரம் இறங்கும். சில வருஷத்தில் அந்த வீட்டுக்காரரும் விலை பேசிவிடுவார். ஒரு தெரு போவது இப்படித்தான். கட்டும்போதே இந்த வீடுகள் ஒன்றை ஒன்று நம்பிக் கட்டப்பட்டவை.

ராஜபாளையத்து வீடுகள் சாகும் விதம் வேறு. விஜயநகரக் காலத்தை ஒட்டித் தெலுங்கு நாட்டிலிருந்து வந்த ராஜுக்கள் பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாகோட்டை என்று குடியேறி, இந்த மண்ணைப் பிசைந்து சுவர் எழுப்பி உள்ளூர்க்காரர்கள் ஆனார்கள். கிருஷ்ணதேவராயர் ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் எழுதிய ஆமுக்த மால்யதாவைத் தமிழுக்குக் கொண்டுவந்த மு.கு. ஜகந்நாத ராஜா இந்த ஊர்க்காரர்தான். அவ்வளவு ஆழமாக ஊன்றிய குடும்பங்களின் வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது முற்றத்தின் நடுவே ஒரு குறுக்குச் சுவர். பாகப் பிரிவினைச் சுவர். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பு ஒரே ஒரு மூலையில் இருக்கும். அது ஒருவர் பாகத்துக்குப் போய்விடும். இன்னொருவர் பாகத்தில் மழைத்தண்ணீர் தேங்கும். அடிச்சுவர் ஊறும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது யார் செலவு என்று தெரியாமல் இரண்டு பக்கமும் நின்றுபோகும். பிள்ளைகள் சென்னையிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். வங்கியிலிருந்து மதிப்புப் போட வருகிறவர், கட்டடத்துக்கு ஒன்றுமில்லை, மனைக்குத்தான் விலை என்று எழுதிக்கொடுப்பார். நாங்கள் கடப்பாரையோடு போவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வீடு முடிந்துபோயிருக்கும்.

அதே ஊரில் பி.எஸ். குமாரசாமி ராஜா வீடும் இருந்தது. 1898இல் பிறந்து, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டவர். தம் வீட்டை ஊருக்கே கொடுத்தார். அது காந்தி கலை மன்றம் ஆயிற்று. வாரிசுகளின் பங்குக் கணக்குக்குள் போகாமல் ஒரு பெரிய வீடு தப்பிய வழி அது. எல்லோரும் வீட்டைத் தானம் செய்ய முடியாது, தெரியும். ஆனால் ஆள் புழங்கும் கட்டடம்தான் நிற்கிறது என்பதை வேறு இடங்களிலும் பார்க்கலாம். மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையின் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனவர் அவருடைய பேரன் சொக்கநாதரே. மிஞ்சியதை ஆளுநர் நேப்பியர் பழுதுபார்க்க வைத்தார். 1970 வரை அங்கே நீதிமன்றம் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாயக்கர் பெயரில் இருக்கும் மகாலிலும் நீதிமன்றம்தான் நடந்தது. வழக்குக்காரர்களின் கால் பட்டுக்கொண்டே இருந்ததால், ஒழுகினால் யாராவது ஏறிப் பார்த்தார்கள்.

வேறு வழியே இல்லை, பிரித்துத்தான் ஆக வேண்டும் என்கிற வீடுகளில் நான் கேட்பது ஒரு வாரம். மரத்தில் துண்டு துண்டாக எண் போடுவது ஆசாரிகளுக்குத் தெரியும். 1996இல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டைக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார்களே, அந்த முறைதான். சுவரை அப்படி எடுத்துப்போக முடியாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. சிமெண்டில் பிடித்த செங்கல் உடைந்துதான் வரும். களிமண் சாந்தில் பிடித்த செங்கல், கரண்டிப் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினால் முழுசாகக் கழன்று வரும். கழுவி அடுக்கினால் இன்னொரு நூறு வருஷத்துக்கு நிற்கும். இறங்கிய களிமண்ணையும் ஊறவைத்து மிதித்தால் சாந்து தயார்.

ராஜபாளையத்தில் ஒரு வீட்டில், தாத்தா காலத்துத் தூண்களை எடுத்துப்போக வெளியூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "மேஸ்திரி, அப்படின்னா சுவரையே மறுபடி கட்டலாமா?" என்றார்.

"கட்டலாம்மா. ஜேசிபியைத் திருப்பி அனுப்புங்க. ஆறு ஆள் கூலி ஆகும்."

கணக்குப் பார்த்தார். அண்ணனிடம் போனில் பேசினார். தூண்களை விற்றார், அந்தப் பணத்தில் கூலி கொடுத்தார். அதே மனையின் பின்பக்கம் இரண்டு அறை, பழைய அளவில், பழைய செங்கலில் எழுப்பினோம். மாட்டுச் செக்குக்கு எங்கே போவது? மோட்டார் வைத்த கல்லுருளையில் சுண்ணாம்பு அரைத்தோம். கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் மூட்டையாக வாங்கினோம். காரை பூசும் நாளுக்குச் சிமெண்ட் வேலை செய்யும் இரண்டு இளைஞர்களை வரவழைத்தேன். ஒருவன் மதியத்தோடு கை எரிகிறது என்று போய்விட்டான். இன்னொருவன் கூழாங்கல்லை எடுத்துச் சாயங்காலம் வரை தேய்த்தான். இப்போது தென்காசிப் பக்கம் ஒரு வீட்டுக்கு மச்சுத் தளம் பழுதுபார்க்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரிக்க இல்லை. அவனையும் சேர்த்துத்தான் கூலி பேசியிருக்கிறேன்.