டாம்பாவில் நான் பார்த்தது என்ன?

கொஞ்ச நாளா கடைப்பக்கம் வர முடியல மக்களே. ஆணி அதிகம். போதாக்குறைக்கு டாம்பாவிலிருந்து க்ளையண்ட் வேற நேர்லயே வந்து இறங்கிட்டார். வாரம் பூரா மீட்டிங். சனிக்கிழமை ஊர் சுத்திக் காட்டணும். "நீதான் அவங்க ஊர்ல பதினாலு மாசம் இருந்தியே, நீயே கூட்டிட்டுப் போ"ன்னு டேமேஜர் என் தலையில கட்டிட்டார்.

மகாபலிபுரம் போறதா பிளான். ஆனா முந்தின நாள் ராத்திரி சாப்பிட்ட செட்டிநாட்டு காரத்துல மனுஷன் ஆடிப்போயிருந்தார். "தூரமா வேணாம், பக்கத்துல ஏதாவது இருக்கா?"ன்னார். கிண்டியில பக்கத்துல எதைக் காட்டறது? கத்திப்பாரா மேம்பாலத்தையா? சட்டுனு தோணினது பாம்புப் பண்ணைதான். ஆறாங்கிளாஸ் டூர்ல வந்தது. அதுக்கப்புறம் நாலு வருஷமா அடையாறு ரூமிலிருந்து கிண்டி ஆபீசுக்கு சர்தார் பட்டேல் ரோட்டுல தினமும் தாண்டிப் போறேன். ஒரு நாளும் உள்ள எட்டிப் பார்த்ததில்லை.

உள்ளே போனதும் காரத்தை எல்லாம் மறந்துட்டார் நம்ம ஆள். கண்ணாடிக்குப் பின்னாடி சுருண்டு கிடந்த கண்ணாடி விரியனையே பத்து நிமிஷம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இதை யார் ஆரம்பிச்சாங்க?"

எனக்குத் தெரியல. போனை எடுத்துப் பார்த்துட்டுத்தான் சொன்னேன்: "உங்க ஊர்க்காரர் ஒருத்தர்தான்."

ராமுலஸ் விட்டேகர். 1943-ல நியூயார்க்கில் பிறந்தவர். சின்ன வயசுலயே அம்மாவோட இந்தியா வந்து, கொடைக்கானல் பள்ளியில் படிச்சவர். ஹாஸ்டல்ல கட்டிலுக்கு அடியில மலைப்பாம்பு வளர்த்தாராம். (எங்க ஹாஸ்டல்ல ரைஸ் குக்கர் வெச்சதுக்கே வார்டன் ஆடிட்டார்.) காலேஜ் படிக்க அமெரிக்கா போய், பாதியில விட்டுட்டு, ஃப்ளோரிடாவில் பில் ஹாஸ்ட் நடத்திய மயாமி செர்பென்டேரியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பாம்புல இருந்து விஷம் எடுக்கிற இடம் அது. நடுவுல அங்க ராணுவத்துலயும் கட்டாய சேவை. 1967-ல திரும்ப இந்தியா. தாம்பரம் பக்கத்துல சேலையூரில் சின்னதா ஒரு பாம்புப் பண்ணை. அதுதான் 1972-ல கிண்டிக்கு வந்தது. அப்புறம் 1976-ல முதலைப் பண்ணை.

இதுவரைக்கும் ஒரு சாகசக்காரர் கதை. ஆனா அன்னிக்கு ராத்திரி ரூமுக்கு வந்து உட்கார்ந்து படிச்சப்பதான் முக்கியமான விஷயம் புரிஞ்சுது. இந்த மனுஷன் பாம்பைப் பத்தி மிச்சத்தைக் கத்துக்கிட்டது இருளர்கள்கிட்ட. மண்ணுல இருக்கிற தடத்தை வெச்சு என்ன பாம்பு, எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்றவங்க. அவங்க கூடவே வயல், வரப்பு, புதர்னு சுத்தி, தமிழும் பேசக் கத்துக்கிட்டார்.

அப்ப இருளர்களுக்குப் பொழைப்பே பாம்புத் தோல்தான். 1972-ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில வருஷத்துல தோல் ஏற்றுமதிக்கும் தடை. பாம்புக்கு நல்லது, அவங்க அடுப்பு அணைஞ்சது. 1978-ல விட்டேகரும் அவங்களும் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். பாம்பைக் கொல்ல வேணாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலையும் பிடிச்சு, மண்பானையில கொஞ்ச வாரம் வெச்சு, சில தடவை விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுல விட்டுடணும். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஏத்தி, அதோட ரத்தத்துல இருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகுது. 2000-லிருந்து 2019 வரைக்கும் இந்தியாவில் பாம்புக் கடியால் செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு ஒரு ஆய்வுக் கணக்கு சொல்லுது. அந்த மருந்து எவ்வளவு பெரிய விஷயம்னு பார்த்துக்குங்க.

பண்ணையில நான் "இருளர்"னு சொன்னதும் க்ளையண்ட் கேட்டார்: "உனக்கு யாராவது இருளர்களைத் தெரியுமா?"

கொசுவத்தி சுத்திடுச்சு. எங்க ஊர் மதுராந்தகம் பக்கம். அறுப்பு முடிஞ்சா வரப்புல எலி பிடிக்க அவங்கதான் வருவாங்க. எங்க ஆயா அவங்களுக்குத் தண்ணி தரும். சொம்பைக் கையில கொடுக்காது. குனிஞ்சு கையைக் குவிக்கணும், மேல இருந்து ஊத்தும். அஞ்சாங்கிளாஸ்ல என் கூட ஒரு இருளர் பையன் படிச்சான். கடைசி பெஞ்ச். ஒருநாள் கிளாசுக்குள்ள சாரைப்பாம்பு வந்து வாத்தியாரே பெஞ்ச் மேல ஏறிட்டார். அவன்தான் வாலைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போய் வேலிக்கு அந்தப்பக்கம் விட்டுட்டு வந்து, திரும்பக் கடைசி பெஞ்ச்லயே உட்கார்ந்தான். அன்னிக்கும் நாங்க யாரும் அவன்கிட்ட பேசல. அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரல. ஏன்னு நான் கேட்கவும் இல்லை.

க்ளையண்ட்கிட்ட "தெரியாது"ன்னு சொன்னேன்.

அவர் விடல. "சரி, எங்க ஊர்ல இருந்தியே, என்னெல்லாம் பார்த்தே?"

என்னத்தைச் சொல்ல? நாலு பேர் சேர்ந்து எடுத்த அப்பார்ட்மெண்ட். மூணு பேர் தெலுங்கு, நான் ஒருத்தன் தமிழ். வார நாள்ல சாம்பார், வாரக் கடைசியில பட்டேல் கடை, இந்தியன் பஃபே. ஒரு தடவை டிஸ்னி. பக்கத்து வீட்டு அம்மா தினமும் நாயோட போகும்போது ஹாய் சொல்லுவாங்க, நானும் ஹாய். அவங்க பேர்கூடத் தெரியாது. "டிஸ்னி"ன்னேன். சிரிச்சார்.

ராத்திரி படிச்சதுல இன்னொண்ணும் இருந்தது. ஃப்ளோரிடாவோட எவர்கிளேட்ஸ் சதுப்புக் காட்டுல பர்மிய மலைப்பாம்புகள் பெருகிப்போச்சு. எல்லாம் ஆசைக்கு வளர்த்துட்டுத் திறந்துவிட்டது, தப்பிச்சு ஓடினது. அங்கிருக்கிற முயலையும் ரக்கூனையும் தின்னு தீர்க்குது. சொந்த ஊர்க்காரங்களே கண்டுபிடிக்கத் திணறினாங்க. 2017-ல நம்ம மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைச்சாங்க. ஒரு வாரத்துச் சொச்சத்துல 13 மலைப்பாம்பு பிடிச்சாங்க ரெண்டு பேரும். அதுல ஒண்ணு 16 அடி. இங்கிலீஷ் தெரியாது, கூட மொழிபெயர்ப்பாளர்கள். ஆனா அந்த மண்ணைப் படிக்கத் தெரிஞ்சுது. விட்டேகருக்கு 2018-ல பத்மஸ்ரீ. இவங்க ரெண்டு பேருக்கும் 2023-ல.

எனக்கு இங்கிலீஷ் தெரியும். அதே ஃப்ளோரிடா. பதினாலு மாசம்.

வெளியூர்ல வாழறதுன்னா விசா, வீடு, கார்னு நினைச்சிருந்தேன். அந்த ஊர்ல யாருக்கு என்ன தெரியும்னு கேட்டு, அவங்க பக்கத்துல போய் உட்காரறதுதான் வாழறதுன்னு இப்பத் தோணுது. விட்டேகர் யார் பக்கத்துல உட்கார்ந்தார்னு பாருங்க. நாங்க தண்ணிச் சொம்பைக் கையில கொடுக்காதவங்க பக்கத்துல. நான் டாம்பாவிலும் வாழல. யோசிச்சா, மதுராந்தகத்திலும் முழுசா வாழல.

போன வாரம் டேமேஜர் மறுபடி டாம்பா ஆன்சைட்டுக்குக் கேட்டார். ரெண்டு வருஷம். சரின்னுட்டேன். வீட்டுக் கடன் இருக்கு, வீர வசனம் எல்லாம் பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனப்ப அம்மாகிட்ட கேட்டேன், "என்கூட அஞ்சாவது படிச்ச இருளப் பையன் இப்ப எங்கம்மா?"

"அவங்கல்லாம் செங்கல் சூளைக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்கடா அப்பவே."

"அவன் பேர் என்னம்மா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "கூடப் படிச்சவன் நீ. என்னைக் கேட்டா?"ன்னுட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டாங்க.