வீடு நின்றதால் நின்ற படங்கள்

கறுவாத்தோட்டம் என்றால் எங்களில் பலருக்கு ஞாபகம் வருவது தூதரகங்களும் விசா வரிசைகளும்தான். ஆளுயரத்துக்கு மேல் எழும்பின மதில்கள், அதற்குப் பின்னால் யாருடையதோ பெரிய வீடுகள். அந்த வீடுகளில் ஒன்றுக்குள் நாங்களும் போய், காசு குடுக்காமல், ஆறுதலாக அறை அறையாகச் சுற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். பார்ன்ஸ் பிளேஸில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. இப்போது சபுமல் பவுண்டேசன் என்ற பெயரில் ஒரு சின்னக் கலைக்கூடம். வாரத்தில் சில நாட்கள், முற்பகலில் சில மணித்தியாலங்கள் மட்டும் திறந்திருக்கும்.

நாங்கள் போனது ஐந்து பேர். எல்லோரும் கலைப்பீடம். பாடத்துக்காகப் போகவில்லை. '43 குழு' என்ற பெயரை விரிவுரையில் கேட்டிருந்தோம், இணையத்தில் கைவிரல் அளவுப் படங்களாகப் பார்த்திருந்தோம். 'நேரில ஒருக்காப் பாப்பமே' என்று ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான்.

'சபு மல்' என்றால் சிங்களத்தில் செண்பகப் பூ. பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எங்களில் யாழ்ப்பாணத்துக்காரர் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் கோட்டை அரசனுக்காக யாழ்ப்பாணத்தைப் பிடித்த சபுமல் குமாரயாவைத்தான் நாங்கள் செண்பகப் பெருமாள் என்று படித்திருக்கிறோம். 'அவர் எங்கட இடத்தைப் பிடிச்சார், நாங்கள் அவற்ற பேரில இருக்கிற வீட்டைப் பாக்க வந்திருக்கிறம்' என்று பகிடி விட்டபடியேதான் உள்ளே போனோம்.

உள்ளே போனதும் பகிடி நின்றுபோனது. அருங்காட்சியகம் என்றால் எங்களுக்குப் பழக்கமானது கண்ணாடிப் பெட்டி, கயிறு, 'தொடாதீர்' என்ற அறிவித்தல். இது வீடு. ஓட்டுக்கூரை போட்ட, பரந்துபோன பழைய பங்களா. ஒரு அறைக்குள்ளால் இன்னொரு அறை, அதற்குள்ளால் இன்னொன்று. பழைய தளபாடங்கள், புத்தகங்கள், சிற்பங்கள், சுவர் நிறையப் படங்கள். கதிரையில் இருந்து எழும்பிப் போன ஒருவர் இப்ப திரும்பி வந்துவிடுவார் போல ஒரு உணர்வு. நாங்கள் எங்களை அறியாமலே மெல்லக் கதைக்கத் தொடங்கினோம், யாரோ பெரியவர் வீட்டுக்குப் போன பிள்ளைகளைப் போல.

ஹரி பீரிஸ் 1904 இல் பிறந்தவர். லண்டனில் படித்தார். பிறகு பாரிஸில் ரொபர்ட் ஃபால்க் என்ற ரஷ்ய ஓவியரிடம் கற்றார். தாகூரின் சாந்திநிகேதனிலும் சிறிது காலம் இருந்தார். மனித முகங்களை வரைவதில் பேர்போனவர். ஆனால் அந்த வீட்டைச் சுற்றி வந்த பிறகு எங்களுக்குத் தோன்றியது, அவர் செய்த பெரிய வேலை மற்றவர்களின் படங்களைச் சேர்த்து வைத்ததுதான் என்று. 43 குழுவின் செயலாளராக இருந்தவர் அவர். நண்பர்களின் படங்களைத் தன் வீட்டுச் சுவர்களில் மாட்டினார். 1974 இல் பவுண்டேசனை ஏற்படுத்தி, அந்த வீட்டையும் படங்களையும் பொதுவுக்கு விட்டார். 1988 இல் இறந்துபோனார். படங்கள் சுவரில் அப்படியே இருக்கின்றன.

43 குழுவைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1943 ஓகஸ்டில் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்டின் வீட்டில் கூடிய சில ஓவியர்கள் தொடங்கியது அது. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், ரிச்சட் கேப்ரியல், ஜெஃப்ரி பெலிங், ஒப்ரி கொலெற், மஞ்சுசிறி, ஹரி பீரிஸ், வெண்ட். அந்தக் காலத்தில் இலங்கையில் 'நல்ல படம்' என்றால் ஆங்கிலேயப் பள்ளிமுறையில் அச்சொட்டாக வரைந்த படம்தான். அந்த ருசிக்கு எதிராக வந்தவர்கள் இவர்கள்.

அந்த எதிர்ப்பை அச்சிட்ட புத்தகத்தில் விளங்கிக்கொள்வது கஷ்டம். நேரில் சுலபம். கீற்றின் கோடு ஒரே இழுப்பில் முகத்தையும் கழுத்தையும் தோளையும் கொண்டு போகிறது. பக்கவாட்டில் இருக்கிற முகத்தில் நேராகப் பார்க்கிற கண். பிக்காசோவும் தெரிகிறார், விகாரைச் சுவரோவியமும் தெரிகிறது. தெரணியகலவின் மனிதர்கள் கரைந்துபோகிறவர்கள் மாதிரி. அவர்களுக்கு முன்னால் அதிக நேரம் நின்றால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. ஐவன் பீரிஸின் ஆட்கள் கடற்கரையில் எதையோ காத்துக்கொண்டு நிற்பவர்கள். அவர் பின்னாளில் இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே இருந்தவர். ஆனாலும் இலங்கைக் கடற்கரை அவரை விடவில்லை. எங்களில் ஒருவன் ஐவன் பீரிஸுக்கு முன்னாலேயே கனநேரம் நின்றான். 'இது வெளிநாட்டில இருக்கிற என்ர மாமாவின்ர படம் மச்சான்' என்றான். மாமாவுக்குக் கீறத் தெரியாது. அவன் சொன்னது எங்களுக்கு விளங்கினது.

வெளியில் வந்து தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது வாக்குவாதம் தொடங்கியது. 'வசதியான ஆக்கள், இங்கிலிசு ஆக்கள். காசும் காணியும் இருந்தா நானும் கலைஞன்தான்' என்றான் ஒருவன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. குழுவில் பலர் கொழும்பின் ஆங்கிலம் பேசும் மேட்டுக்குடி. எல்லோரும் அப்படியில்லை, மஞ்சுசிறி பிக்குவாக இருந்தவர். ஆனாலும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போய்ப் படிக்க எல்லாராலும் முடியாது. அதே காசை வைத்துக்கொண்டு வீட்டை விற்றிருக்கலாம், படங்களைப் பங்கு பிரித்திருக்கலாம். கொழும்பு 7 இல் ஒரு துண்டுக் காணியின் விலை தெரிந்தவர்களுக்கு, அந்த வீடு இன்னும் வீடாக நிற்பதே பெரிய விசயம் என்பது விளங்கும். இதை மற்றொருத்தி சொன்னாள். இரண்டும் சரிதான் என்று விட்டுவிட்டோம்.

எங்களைக் கனநாள் விடாமல் வைத்திருந்தது வேறொரு கேள்வி: இதே காலத்தில் எங்கட பக்கத்தில் என்ன நடந்தது?

தேடிப் பார்த்தால் பதில் ஆச்சரியமானது. 43 குழுவுக்கு ஐந்து வருடம் முந்தி, 1938 இல், யாழ்ப்பாணத்தில் வின்ஸர் ஓவியக் கழகம் தொடங்கியிருக்கிறது. தொடக்கியவர் சித்திர வித்தியாதரிசியாக இருந்த எஸ்.ஆர். கனகசபை. வின்ஸர் யார்? 1920களில் இலங்கைப் பாடசாலைகளின் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாக இருந்த ஆங்கிலேயர், சி.எஃப். வின்ஸர். கொழும்பில் புதிய ஓவியர்களை ஊக்கப்படுத்தியவரும் அவர்தான். அவருக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்தவர் 43 குழுவின் ஜெஃப்ரி பெலிங். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே வேர் என்றுகூடச் சொல்லலாம். பிள்ளைகள் படப்புத்தகத்தைப் பார்த்துக் கீறாமல் தங்களைச் சுற்றி இருப்பதைப் பார்த்துக் கீறவேண்டும் என்ற எண்ணம் ஒரே திணைக்களத்தின் வழியாக இரண்டு இடத்துக்கும் போயிருக்கிறது.

அதற்கு அடுத்த தலைமுறையில் அ. மாற்கு வருகிறார். மாற்கு மாஸ்டர். கொழும்பில் ஓவியம் படித்து, யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, பாடசாலைகளில் படிப்பித்து, விடுமுறைக் காலத்தில் மாணவர்களைச் சேர்த்துக் கற்பித்தவர். இன்றைக்கு வடக்கில் நவீன ஓவியம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அதில் அவருடைய பங்கு பெரியது. ஆனால் அவருடைய படங்களைப் பார்க்க எந்த வீட்டுக்குப் போவது? 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிட்டபோது ஆட்கள் பிள்ளைகளையும் உடுப்பு மூட்டையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்கள். படச்சட்டம் கட்ட சைக்கிளில் இடம் இருக்கவில்லை. மாற்குவின் ஓவியங்கள் பல அந்த இடப்பெயர்வோடு இல்லாமற் போயின. 2000 ஆம் ஆண்டு அவரும் போய்விட்டார்.

திறமையைப் பற்றிய ஒப்பீடு இது இல்லை. ஒரு ஓவியர் பிற்காலத்துக்கு மிஞ்சுவதற்கு நல்ல படம் மட்டும் போதாது. அசையாமல் நிற்கிற ஒரு சுவர் வேண்டும். ஒழுகாத கூரை வேண்டும். ஐம்பது வருடத்துக்குத் திறப்பு ஒரே ஆளின் கையிலோ அவருக்கு நம்பிக்கையானவர்களின் கையிலோ இருக்கவேண்டும். பார்ன்ஸ் பிளேஸ் வீட்டுக்கு அது கிடைத்தது. குருநகரிலோ நல்லூரிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்த வீடுகளுக்குக் கிடைக்கவில்லை. கலை வரலாற்றுப் புத்தகத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஏன் இரண்டு பந்திதான் இருக்கிறது என்று கேட்டால், பதிலில் ஒரு பகுதி இதுதான்.

இதைக் கதைத்துக்கொண்டிருந்தபோது முல்லைத்தீவுப் பிள்ளை ஒருத்தி அதுவரைக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். 'எங்கட பழைய வீட்டு விறாந்தையில ஒரு படம் தொங்கினதாம். பனங்கூடல், பின்னால ஒரு குளம். அப்பப்பாவோட படிப்பிச்ச சித்திர மாஸ்டர் ஒராள் கீறிக் குடுத்ததாம். 2009க்குப் பிறகு போய்ப் பாக்கேக்க கூரையே இல்லை. படத்தைப் பற்றி ஆர் யோசிச்சது? அந்த மாஸ்டற்ற பேர்கூட இப்ப ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.' அவள் அழவில்லை. விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். நாங்கள்தான் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

வீடு போனபிறகு என்ன செய்யலாம் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரு வழியை ஓவியர் தா. சனாதனன் செய்து காட்டியிருக்கிறார். 2011 இல் வந்த 'த இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற அவருடைய நூல். தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதிவைத்த காணிப் பதிவேடு. சனாதனன் இடம்பெயர்ந்த தமிழ்பேசும் மக்களிடம் போய், விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து கீறச் சொன்னார். குசினி இங்கே, கிணறு இங்கே, சாமியறை இங்கே. கோணல்மாணலான அந்தக் கோடுகள், அவற்றை வைத்து வரைந்த கட்டட வரைபடம், பிறகு அவருடைய சொந்த ஓவியம். மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக வரும். பார்ன்ஸ் பிளேஸில் வீடு படங்களைக் காத்தது. இந்தப் புத்தகத்தில் படங்கள் வீடுகளைக் காக்கின்றன.

43 குழுவுக்குள்ளேயே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார் என்பதையும் பிறகுதான் கவனித்தோம். மஞ்சுசிறி ஊர் ஊராகப் போய் பழைய விகாரைகளின் சுவரோவியங்களைப் பிரதி எடுத்தவர். அவர் பிரதி எடுத்த பிறகு அந்தச் சுவர்களில் பல மழையாலும் புதுப்பூச்சாலும் அழிந்துபோயின. இன்றைக்கு அந்த ஓவியங்களை அவருடைய பிரதியில்தான் பார்க்கலாம். மறுபக்கம் லயனல் வெண்டைப் பாருங்கள். கொழும்பில் வீடும் வசதியும் இருந்தவர். 1944 இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அவர் வாழும்போதே அச்சிட்டுக் குடுத்த படங்கள்தான் மிச்சம். ஆக, வசதி மட்டும் எதையும் காப்பாற்றுவதில்லை. யாராவது ஒருவர் இதைப் பார்த்து, 'இது இருக்கவேண்டும்' என்று நினைத்து, அதற்காக ஒரு வேலை செய்யவேண்டும்.

மாற்கு மாஸ்டருக்கும் அப்படிச் சிலர் இருந்திருக்கிறார்கள். 1987 இல் 'தேடலும் படைப்புலகமும்' என்று அவருக்கு ஒரு சிறப்பு மலர் போட்டிருக்கிறார்கள். 1987 என்றால் யாழ்ப்பாணத்தில் எப்படி ஒரு வருடம் என்று வீட்டில் பெரியாக்களைக் கேட்டுப் பாருங்கள். கடதாசியே தட்டுப்பாடான காலம். அந்த நேரத்திலும் ஒரு ஓவியருக்கு மலர் போடவேண்டும் என்று சிலர் இருந்து வேலை செய்திருக்கிறார்கள். இடப்பெயர்வுக்கு எட்டு வருடம் முந்தி.

எங்களிடம் பார்ன்ஸ் பிளேஸ் இல்லை. கிட்டடியில் வரப்போவதுமில்லை. ஆனால் எல்லாருடைய கையிலும் ஒரு போன் இருக்கிறது. ஐந்து பேரும் ஒரு முடிவெடுத்தோம்: இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, ஊரில் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் யார் இருக்கிறார் என்று விசாரிப்பது. போய்க் கும்பிட்டு, கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்பது. ஒழுங்காகப் படம் எடுப்பது. பின்பக்கத்தையும் எடுப்பது, ஏனென்றால் திகதியும் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆர் கீறினது, எப்ப, ஆருக்குக் குடுத்தது, எப்படித் தப்பியது என்று எழுதி வைப்பது. முல்லைத்தீவுப் பிள்ளை அப்பப்பாவோடு படிப்பித்த யாராவது இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடுகிறாள். பனங்கூடல் கீறின மாஸ்டரின் பெயராவது கிடைத்தால் போதும் என்கிறாள்.

கொழும்புக்கு வருகிறவர்கள் பார்ன்ஸ் பிளேஸுக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கள். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முதலே விசாரித்துக்கொண்டு போங்கள். ஐவன் பீரிஸுக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். பிறகு ஊருக்குப் போனதும் உங்கட சித்திர ரீச்சரின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.